ஓணானின் எலும்பு இறுகிய வருடம்

முதலில் அதன் வலது பின்காலில் ஒரு விரல் துடித்தது. 2009ஆம் ஆண்டு, பங்குனி மாதக் கடைசி. கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி ஓணான் படுத்திருந்தது. உடம்பு அசையவில்லை, அந்த ஒரு விரல் மட்டும் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கனவு காண்கிறதாக்கும் என்று நினைத்துவிட்டு நான் கீழே குப்பை அறையைக் கழுவப் போய்விட்டேன். அன்றைக்கே அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும். பத்து நாள் தாமதித்தேன்.

இதை வாசிப்பவர்களில் ஓணான் வளர்ப்பவர்கள் ஒருவர் இருவர் இருந்தாலே அதிகம். ஆனால் சாப்பிட மறுக்கிற ஓர் உயிருக்கு முன்னால் கரண்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் செய்த பிழையை ஒளிக்காமல் எழுதப் பார்க்கிறேன். புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நடந்ததைச் சொல்லலாம்.

நானும் என் கணவர் அந்தோனியும் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் உயரமான கட்டடத்துக்கு சுப்பர், அதாவது அங்கேயே குடியிருந்து அதைப் பராமரிப்பவர்கள். மாசி மாதத்தில் பதினோராம் மாடியில் குடியிருந்த ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு மெத்தை, கால் உடைந்த ஒரு கதிரை, குளியலறைத் தரையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குட்டி. மண் நிறம். கழுத்தைச் சுற்றித் தாடி போல முள்வரிசை. தாடி ஓணான் என்று அதற்குப் பெயர் என்பது பிறகுதான் தெரியும்.

செத்துவிட்டது என்று நினைத்து அந்தோனி குப்பைப் பையை விரித்தார். அது ஒரு கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வேலையாட்களைப் பார்ப்பது போல ஒரு பார்வை. அந்தோனி அப்போதே அதற்கு முதலாளி என்று பெயர் வைத்துவிட்டார். நாங்கள் மன்னாரில் ஓணானைக் கண்டால் கல் எடுத்து வளர்ந்தவர்கள். அப்படியிருந்தும் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தேன். அந்த நேரம் ஓர் உயிரைக் குப்பைப் பைக்குள் போட என்னால் ஏலவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

என் தம்பி யூட் யுத்தம் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். அவன், மனைவி றெஜினா, இரண்டு பிள்ளைகள். தை மாதக் கடைசியில் ஒருமுறை போன் எடுத்து, இடம் மாறுகிறோம் அக்கா என்றான். அதற்குள் தொடர்பு அறுந்தது. அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தேன். தம்பியின் குரல் என் காதில் விழும்வரை எங்கள் வீட்டில் மீன் இறைச்சி சமைப்பதில்லை. எங்கள் வாசற்படிக்கு உள்ளே, யார் கையாலும், ஓர் உயிரும் கொல்லப்படாது.

மன்னார்க்காரி மீனை விடுவது என்றால் எங்கள் ஊர் ஆட்களுக்கு விளங்கும். இரண்டாவது பாதி அந்தோனிக்குத்தான் சோதனை. கட்டடம் முழுக்கக் கரப்பானுக்கு மருந்து அடிப்பது அவருடைய வேலை. தன் சொந்த வீட்டில் மட்டும் அவற்றைக் கண்டும் காணாதவர் போல இருக்க வேண்டியதாகிவிட்டது. கரப்பான்களுக்கு அப்படியொரு நிம்மதியான மாரிகாலம் அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

முதலாளி வந்த அன்று மகள் நிரோ கொம்பியூட்டரில் தேடிப் பார்த்தாள். அவள் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம்.

"அம்மா, இட்ஸ் எ பேபி. இப்ப இதுக்குப் பூச்சிதான் மெயின் சாப்பாடு. வளர்ந்தாப் பிறகுதான் இலை," என்றாள்.

கடையில் உயிரோடு விற்கும் சில்வண்டுகளை வாங்கி விட வேண்டும் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. நேர்த்தி நேர்த்திதான். கீரை சாப்பிட்டுக் கெட்டுப்போனவர்கள் உலகத்தில் யாரும் இல்லை என்று அவள் வாயை அடைத்தேன். அவள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். என்னோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நாள்தோறும் பசளிக்கீரையைக் கழுவி, நரம்பெடுத்து, பொடியாக அரிந்து கொடுத்தேன். ஊரில் பிறந்த பிள்ளையை இளவெயிலில் காட்டுவதுபோல, காலையில் பெட்டியைக் கிழக்கு ஜன்னலோடு தள்ளி வைத்தேன். வெளியே பனி. உள்ளே கண்ணாடி வழியாக நல்ல வெளிச்சம். முதலாளி கீரையை ஆவலாகச் சாப்பிட்டது. அதுதான் என்னை ஏமாற்றியது. சாப்பிடுகிறது, வெயில் காய்கிறது, இனி என்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

விரல் துடித்த பிறகு பின்கால்கள் இழுபட்டன. நடப்பதற்குப் பதிலாக நீந்துவது போல வயிற்றால் ஊர்ந்து போனது. பிறகு தாடை வீங்கியது. கன்னம் வைத்துவிட்டது, தேறுகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. பெரிய வியாழன் காலை, வாயில் வைத்த கீரை அப்படியே வெளியே விழுந்தது. வாயை மூட அதற்குப் பலம் இல்லை. சப்பாத்துப் பெட்டிக்குள் துவாயை விரித்து, சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றையும் வைத்து, அந்தோனி வான் வண்டியை ஓட்ட, நானும் நிரோவும் கொண்டு போனோம்.

மருத்துவமனை நடைபாதையில் நாய்களோடும் பூனைகளோடும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சப்பாத்துப் பெட்டியோடு வந்தது நாங்கள் மட்டும்தான். ஊர்வனவற்றைப் பார்க்கும் டொக்டர் நிரோவைவிட ஏழெட்டு வயது மூத்த ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முதலாளியைத் தூக்கிய விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டு விரல் நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை வாலுக்குக் கீழே. தராசு இருபத்தொரு கிராம் காட்டியது. எக்ஸ்-றே எடுத்துச் சுவரில் மாட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் புகை போல ஏதோ இருந்தது.

வளர்சிதை எலும்பு நோய் என்றார் (உடம்பில் கல்சியம் போதாமல், எலும்பில் இருப்பதையே உடம்பு எடுத்துச் செலவழிக்க, எலும்பு இளகிப்போவது). விரல் துடித்ததும் தாடை வீங்கியதும் அதனால்தான். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பசளி என்றேன். வேறு? பசளிதான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பசளியில் ஒக்ஸலேற் (கல்சியத்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் செய்யும் ஒரு பொருள்) நிறைய உண்டாம். ஜன்னல் வெயிலைப் பற்றியும் கேட்டார். எலும்புக்கு வேண்டிய ஒளிக்கதிரைக் கண்ணாடி மறித்துவிடும், வருவது வெளிச்சம் மட்டும்தான் என்றார்.

பூச்சி ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. நேர்த்தியை எந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவது? எங்கள் வீட்டில் உயிர்களைக் கொல்வதில்லை என்றேன். நீங்கள் பௌத்தர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அந்த மாதத்தில் எங்களிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? நிரோவுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இல்லை, கத்தோலிக்கர் என்றேன். டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், அவர் பேரில் என்ன பிழை.

அவர் கதிரையை இழுத்து எனக்கு நேரே உட்கார்ந்தார். "நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் இந்த நோய் வந்தது நீங்கள் கொடுத்த சாப்பாட்டாலும் கொடுக்காத சாப்பாட்டாலும்தான். அதை நான் மூடி மறைக்கமாட்டேன்," என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். சுற்றி வளைத்து ஆறுதல் சொல்லியிருந்தால் நான் திருந்தியிருக்கமாட்டேன். இரண்டு வாரம் தருவோம் என்றார். இரண்டு வாரத்தில் எடை ஏறி, தானாக வாய் திறந்து சாப்பிடத் தொடங்கினால் பிழைக்கும். இல்லாவிட்டால் கருணை ஊசி (நோகாமல் உயிரைப் போகவிடும் மருந்து) போடுவதுதான் அதற்கு நாங்கள் செய்யும் நன்மை.

கல்சியப் பாணி (சிரப்) ஒன்றும் ஊசியில்லாத சிரிஞ்சும் தந்தார். யூவீபீ விளக்கு (கண்ணுக்குத் தெரியாத அந்த வெயில் கதிரைத் தருவது) வாங்கச் சொன்னார். பிறகு சாப்பாட்டுக்கு வந்தார். தாடை இளகி இருப்பதால் முழுப் பூச்சியைக் கடிக்க அதனால் முடியாது. சில்வண்டின் தலையையும் காலையும் நீக்கி, உள்ளே இருக்கும் மென்மையான பகுதியைப் பிதுக்கி, அதன் உதட்டில் தடவ வேண்டும். வாயை வலிந்து திறக்கக்கூடாது. அது நக்கும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பூச்சிக்குப் பஞ்சமில்லை, கரப்பான் சரிவருமா என்று, வெளியே வண்டியில் இருந்த அந்தோனி கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார். மருந்து பட்ட கரப்பான் ஒன்று போதும் இதைக் கொல்ல என்றார் டொக்டர்.

திரும்பி வரும்போது சில்வண்டுப் பெட்டி என் மடியில் இருந்தது. உள்ளே சரசரவென்று நடமாட்டம். அந்தோனி வானை ஓட்டிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்குள் கொல்லக்கூடாது என்பதுதானே நேர்த்தி, பல்கணி வீட்டுக்கு வெளியேதானே இருக்கிறது, அங்கே வைத்துக் கொல்லலாமே. மாதாவோடு வழக்குப் பேசும் மனிதரை நான் கட்டியிருக்கிறேன் என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். 

மறுநாள் பெரிய வெள்ளி. கல்சியப் பாணியைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டேன். பாதி வழிந்து போனது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. தோல் வயிற்றோடு ஒட்டியிருந்தது. நான் சில்வண்டுப் பெட்டியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் எதற்குப் பயந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பூச்சியைக் கொன்றால் என் தம்பி செத்துப்போவான் என்று நம்பினேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. படித்தவள், பதினாறு வருடம் இந்த நாட்டில் இருந்தவள். ஆனாலும் நம்பினேன். அவனுக்கும் எனக்கும் இடையில் மிஞ்சியிருந்த ஒரே கயிறு அந்த நேர்த்திதான் என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிரோ தான் கொல்கிறேன் என்றாள். அந்தோனியும் கேட்டார். நான் இருவரையும் தடுத்தேன்.

நிரோ பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"உதைப் பட்டினியில சாகவிடுறதும் கொல்லுறதுதான், அம்மா. வீட்டுக்குள்ளதான் சாகப்போகுது."

என்னை வாதத்தில் வென்றவர்கள் வீட்டில் இல்லை என்று மேலே எழுதினேன். அன்று தோற்றேன். நேர்த்தி எப்படியும் முறியப்போகிறது, எந்தப் பக்கத்தால் என்பதுதான் கேள்வி. முறிப்பதென்றால் அதை வைத்தவள் முறிக்கட்டும், பாவம் என் தலையோடு போகட்டும் என்று எழும்பினேன். பிள்ளையின் கையால் செய்விக்க எனக்கு மனமில்லை.

அந்தோனியின் சின்னச் சாமணத்தால் (இடுக்கி) ஒரு சில்வண்டைப் பிடித்தேன். தலையைக் கிள்ளினேன். சத்தம் ஒன்றுமில்லை. என் கைதான் நடுங்கியது. பிதுக்கியதை முதலாளியின் உதட்டில் தடவிவிட்டுக் காத்திருந்தேன். வெகு நேரம். பிறகு ஒரு சின்ன நாக்கு வெளியே வந்து, துடைத்து, உள்ளே போனது. மறுபடி வந்தது. அன்றைக்கு மூன்று சில்வண்டு. பின்னேரம் கோவிலில் சிலுவை முத்தி செய்ய, உதட்டை வைக்கக் குனிந்தபோது என் விரலில் அந்தப் பூச்சியின் வாடை இருந்தது. மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகம் இல்லை. தம்பியை விட்டுவிடு என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு நான் அந்த வேலையில் இறங்கிவிட்டேன். இறங்கினால் எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. காலை எட்டு மணி, மத்தியானம் பன்னிரண்டு, பின்னேரம் ஐந்து என்று மூன்று நேரம் சாப்பாடு. இரண்டு நேரம் கல்சியப் பாணி. காலையில் ஐஸ்கிரீம் டப்பாவில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் குளிப்பு. விளக்கைச் சரியான உயரத்தில் கட்ட அந்தோனி பழைய திரைச்சீலைக் கம்பியை வளைத்துத் தந்தார். பசளியை நிறுத்தி, கடுகிலையும் முருங்கையிலையும் கொஞ்சமாகச் சேர்த்தேன். கொடுத்ததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன்.

இடைப்பட்ட நேரத்தில், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, கொடியும் பதாகையுமாக எங்கள் சனம் நகரத்து வீதிகளில் நின்றது. எங்களுக்கு நடக்கும் தூரம். நானும் போய் நின்றேன், கத்தினேன், தொண்டை கட்டினேன். நாலரையானதும் கிளம்பிவிடுவேன். ஏன் ஒவ்வொரு நாளும் ஓடுகிறீர்கள் என்று பக்கத்தில் நின்ற ஒரு பெண் கேட்டார். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றேன். கைப்பிள்ளையா என்றார். ஓம் என்றேன். என் வயதைக் கணக்குப் பார்ப்பவர் போல அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஐந்தாம் நாள் என் அவசரத்தால் ஒரு கேடு நடந்தது. குளிப்பிலிருந்து தூக்கும்போது அதன் இடது முன்கை என் விரலுக்கிடையில் முறிந்தது. காய்ந்த பாண் (ரொட்டி) கோது உடைவது போல ஒரு சின்ன உணர்வு, அவ்வளவுதான். அது கத்தவில்லை. ஓணானுக்குக் கத்தத் தெரியாது. நான் கத்தினேன். டொக்டர் பார்த்துவிட்டு, இவ்வளவு மெல்லிய எலும்புக்குப் பத்தை (சிம்பு) வைத்துக் கட்டுவதே பாரமாகிவிடும், அசையாமல் வைத்திருங்கள் என்றார். இதோடு விட்டுவிடலாமா என்று கேட்டேன். இரண்டு வாரம் என்று சொன்னோம், இன்னும் இருக்கிறது என்றார். துவாயைச் சுருட்டி அணை கட்டி, அதன் நடுவே படுக்கவைத்து, மறுபடி தொடங்கினேன். எட்டு, பன்னிரண்டு, ஐந்து.

பதினாலாம் நாள் தராசில் இருபத்துநான்கு கிராம். ஊசி வேண்டாம், தொடருங்கள் என்றார் டொக்டர். இவ்வளவு பாடுபட்டும் ஒரு ஸ்பூன் சீனியின் எடைகூட ஏறவில்லை என்று அந்தோனி கேலி செய்தார். ஆனால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். வைகாசி முதல் வாரத்தில் ஒரு காலை, கல்சியத் தூளில் பிரட்டி உள்ளே விட்ட சில்வண்டு ஒன்று பெட்டியின் ஓரமாகப் போனது. முதலாளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. இரண்டு எட்டு வைத்தது. நாக்கை நீட்டிப் பிடித்து, நொறுக்கியது. அந்த நொறுங்கும் சத்தத்தைக் கேட்டு நான் சமையலறைத் தரையிலேயே இருந்துவிட்டேன்.

அதே மாதம் மூன்றாம் வாரம் யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். எங்கள் கட்டடத்தில் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. ஆட்கள் நடைபாதையில் நின்று அழுதார்கள். அன்றைக்கு முதலாளிக்கு எட்டு மணிக்கும் பன்னிரண்டுக்கும் ஐந்துக்கும் சாப்பாடு கொடுத்திருக்கிறேன் என்று கொப்பியில் என் கையெழுத்து சொல்கிறது. நான் என்ன சாப்பிட்டேன், சாப்பிட்டேனா என்பது தெரியாது.

ஆனி மாதத்தில் வவுனியா முகாமிலிருந்து, பார்க்க வந்த யாரோ ஒருவரின் போனில், றெஜினா பேசினாள்.

"மச்சாள், நானும் பிள்ளையளும் இருக்கிறம். அவர் இல்லை."

எப்போது என்று கேட்டேன். எப்படி என்று கேட்க முன்னம், பிள்ளைகள் எப்படி என்று கேட்க முன்னம், நான் கேட்டது அதைத்தான்.

"பெரிய வெள்ளிக்கு அடுத்த வெள்ளி. கஞ்சி குடுக்கினம் எண்டு வரிசையில நிண்டவர். செல் விழுந்தது."

நேரம் முடிந்து போன் நின்றுவிட்டது. நான் அழத் தொடங்கவில்லை. கணக்குப் பார்த்தேன். நான் முதல் சில்வண்டைக் கிள்ளிய நாளிலிருந்து ஏழு நாள். அதுவரை அவன் உயிரோடு இருந்திருக்கிறான். நேர்த்தி இருந்தவரை இருந்திருக்கிறான்.

மூன்று நாள் நான் பெட்டிப் பக்கம் போகவில்லை. அந்தோனி கொடுத்தார், அவர் கையிலிருந்து அது பாதிதான் வாங்கியது. குளிப்பாட்டவில்லை, பாணி கொடுக்கவில்லை. சில்வண்டுகள் பெட்டியில் கத்தும் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டேன். ஏனென்று நான் சொல்லவில்லை. நாலாம் நாள் சொன்னேன். பூச்சியை நான் கொன்றேன், அதற்கு மாதா அவனை எடுத்துவிட்டார் என்றேன்.

அந்தோனி மாதாவோடு வழக்குப் பேசும் மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அன்று வழக்குப் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் கட்டிலில் வந்து இருந்தார்.

"இஞ்சேரும். நீர் குடுத்தது ஒரு குஞ்சுக்குச் சாப்பாடு. அவை அடிச்சது கஞ்சி வரிசைக்கு. அடிச்சவனை விட்டுப்போட்டு நீர் ஏன் உம்மைப் பிடிச்சுக் குடுக்கிறீர்?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம். அந்தக் கோபம் எனக்கு நல்லதைச் செய்தது. இரண்டு குற்றங்களை நான் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருந்தேன். முதலாளியின் எலும்பு இளகியது என் குற்றம். டொக்டர் முகத்துக்கு நேரே சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன், அதற்கு வேண்டியதைச் செய்தேன், இப்போதும் செய்கிறேன். தம்பியைக் கொன்றது செல், எறிகணை. அதை ஏவியவர்களுக்குக் கையும் கண்ணும் இருந்தன. அந்தப் பழியை நான் என் தலையில் தூக்கி வைத்தால் அவர்களுக்குத்தான் வசதி. என் நேர்த்தி அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று நம்புவது, நான் ஒன்றுமே செய்ய ஏலாமல் இருந்தேன் என்பதைவிட எனக்குச் சுகமாக இருந்திருக்கிறது. அதை விட்டுவிடத்தான் கஷ்டமாக இருந்தது.

நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர்களே, உங்களுக்கும் இந்த இரண்டும் வரும். பிழை உங்களுடையது என்றால் ஒப்புக்கொண்டு திருத்துங்கள். உங்களுடையது அல்லாததை, எவ்வளவு அன்பு இருந்தாலும், வாங்கிச் சுமக்காதீர்கள். எது எது என்று பிரிக்க எனக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், ஒரு டொக்டரும் ஒரு கணவரும். உங்களுக்கும் யாராவது இருப்பார்கள், கேளுங்கள்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். முதலாளி கண்ணாடியில் கையை வைத்து எழும்பி நின்றது. ஒரு சில்வண்டை எடுத்தேன். முன்னைப் போலவே கை நடுங்கியது. நடுக்கத்தோடேயே விட்டேன்.

யூட்டுக்காகத் திருப்பலி கொடுத்த நாளில் அந்தோனி விளைமீன் குழம்பு வைத்தார். அவனுடைய குரல் இனிக் கேட்காது. நேர்த்தியின்படி பார்த்தால் நான் சாகும்வரை மீன் தொடக்கூடாது. பங்குச் சாமியாரிடம் கேட்கலாம் என்று நிரோ சொன்னாள். நான் யாரிடமும் கேட்கவில்லை. சோற்றுக் கோப்பையில் போட்டு, முள் எடுத்து, சாப்பிட்டேன். தொண்டையால் இறங்கக் கஷ்டப்பட்டது. இறங்கியது.

இப்போது முதலாளிக்கு நாலு வயது. என் முழங்கை நீளம். இடது முன்கை முறிந்த இடத்தில் வளைந்தபடியே இறுகிவிட்டது. நிமிருமா என்று கடைசித் தடவை கேட்டபோது டொக்டர் இல்லை என்றார். எலும்பு பலமாகிவிட்டது, அந்த வளைவோடுதான் நடக்கும். நன்றாகவே நடக்கிறது, சாப்பாட்டுக்கு ஓடவும் செய்கிறது. என்னுடைய உடம்பும் அந்த வருடத்துக்குப் பிறகு வேறு மாதிரித்தான். கை நடுக்கம் முழுவதும் போகவில்லை. எனக்கு மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. எட்டும் பன்னிரண்டும் ஐந்தும் என் வயிற்றுக்குத் தானாகத் தெரிகிறது. அந்த மாதங்களைப் பற்றி யாராவது கதைத்தால், அவர்கள் நாளும் திகதியும் சொல்ல, நான் எடையால் யோசிக்கிறேன். இருபத்தொரு கிராமில் தம்பி இருந்தான். இருபத்துநான்கில் இல்லை.

இனி ஓர் உயிரைப் பட்டினி போடும் நேர்த்தி எதையும் நான் வைப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளிக்கு அடுத்த வெள்ளி பெரிய பானையில் கஞ்சி காய்ச்சுகிறேன். நல்ல அரிசி, தேங்காய்ப்பால், இறால். கட்டடத்தில் யாரும் வரலாம், சோமாலியர், நேபாளத்தவர், தமிழ்நாட்டுப் பிள்ளைகள், யாரும். வரிசையில் நிற்க மட்டும் நான் விடுவதில்லை. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு இருத்தித்தான் கொடுப்பேன்.